கடலுக்கு ஒத்துக்கொள்ளாத தாடி

என் வீட்டுக்காரருக்கு நன்றாக நீந்தத் தெரியும். எனக்குக் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கவே பயம். இருந்தும், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு லட்சத்தீவுக் கடலுக்கு அடியில் போனவள் நான். சிலிண்டர் கிடைக்காமல் படகில் உட்காரவைக்கப்பட்டவர் அவர். காரணம், அவருடைய தாடி. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். திருத்தணியில் சொன்னால், "ஆங், சாமி முடியாச்சே, வேற இன்னா பண்றது?" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அவர் என் அத்தை மகன். பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து "பாவா" என்று கூப்பிட்டுப் பழகிய வாய், கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. பொதட்டூர்பேட்டைத் தறிகளிலிருந்து லுங்கி எடுத்துவந்து திருத்தணியில் கடை வைத்து விற்கிறார். கடையின் ஒரு ஓரத்தில் மெஷின் போட்டு நான் ஜாக்கெட் தைக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள். பல்லியைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறி நிற்கிற பெண், கடல் உயிரினங்களைப் பற்றித்தான் படிப்பேன் என்று அடம்பிடித்துப் படித்தாள். படித்து முடித்தவுடன் லட்சத்தீவில் ஒரு சின்னத் தீவில் வேலை வாங்கிக்கொண்டாள். கடலுக்கடியில் இறங்கிப் பவளப்பாறைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பது பாதி வேலை. சுற்றுலா வருகிறவர்களைக் கையைப் பிடித்து இறக்கிக் காட்டிவிட்டு மேலே கொண்டுவந்து விடுவது மீதி வேலை.

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கோயில் குளம், கிணறு, லாரி. கடல் என்றால் மெட்ராஸுக்குப் போய்க் காலை நனைத்து, சுண்டல் தின்றுவிட்டு, மணலை உதறிக்கொண்டு ரயில் ஏறுவது. அதற்கு அடியில் போய் உத்தியோகம் பார்ப்பது என்றால்? அவள் கப்பல் ஏறிய அன்றைக்கே பாவா மலைக்குப் போய் முருகனிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். மகள் கடலிலிருந்து நல்லபடியாக வீடு வந்து சேரும்வரை தன் தலையிலோ முகத்திலோ கத்தி படாது. வந்து சேர்ந்ததும் மொத்தத்தையும் மலையில் இறக்கிவிடுவார். அதுவரை மீன், கறி என்று கவிச்சியும் கிடையாது.

அப்புறம் வளர்ந்தது பாருங்கள் ஒரு தாடி! மீசை வாயை மூடியது, தாடி கழுத்தை மூடியது. லுங்கி வாங்க வந்த ஒரு அம்மாள் இவர் காலில் விழுந்து, பேரனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று வாக்குக் கேட்டாள். இவரும் கூச்சப்படாமல், "தை பொறந்தா ஆயிடும்" என்று சொல்லி அனுப்பினார். நான் மெஷினில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததில் கையிலிருந்த ஜாக்கெட்டின் பிடிப்பு கோணலாகிப் போய், பிரித்துத் தைத்தேன்.

சிரிப்பெல்லாம் அரக்கோணத்திலிருந்து ஒரு வரன் வரும்வரைதான். பையனுக்கு ரயில்வேயில் வேலை, நல்ல குடும்பம். பெண் ஊரோடு வந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்கள் கேட்டது. அதே சமயம் தீவில் மகளிடம், இன்னும் சில வருஷம் இருக்கிறாயா என்று கேட்டிருந்தார்கள். அவளுக்கு இருக்க ஆசை. பாவாவுக்கு அவள் வந்துவிட வேண்டும் என்று ஆசை. போனில் இரண்டு பேரும் மாறி மாறிக் கத்துவார்கள். நடுவில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். கடைசியில் ஒரு நாள் அவள் குரலை இறக்கினாள்.

"நைனா, ஒரே ஒரு தடவ இங்க வாங்க. நான் கீழ இன்னா பண்றேன்னு வந்து உங்க கண்ணால பாருங்க. பாத்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா, மூட்டையக் கட்டிகினு உங்க கூடவே வந்துடறேன்."

"பாக்கறேன்," என்றார் பாவா. "ஆனா ஒண்ணு. பாக்காம மட்டும் ஆங்னு சொல்ல மாட்டேன்."

அவருக்கு இதில் பயமே இல்லை. அம்மையார்குப்பத்தில் கிணறு கிணறாகக் குதித்து வளர்ந்தவர். யார் வீட்டுக் குடம் விழுந்தாலும், மோட்டார் குழாய் கழன்று விழுந்தாலும் அந்தக் காலத்தில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். தொபுக்கென்று குதித்து, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் குடத்தோடு மேலே வருவார். கிணறோ கடலோ, தண்ணீர் தண்ணீர்தானே என்பது அவர் நினைப்பு.

அரக்கோணத்தில் ரயில் ஏறி எர்ணாகுளம் போய், அங்கிருந்து கப்பல். வழியெல்லாம் நான் வாந்தி. அவர் எதிரில் உட்கார்ந்து எலுமிச்சை ஊறுகாயோடு புளிசாதம் சாப்பிட்டார். கட்டின புண்ணியவதி குடலைக் கக்கிக்கொண்டிருக்கும்போது இந்த மனுஷனுக்குச் சோறு எப்படி இறங்குகிறது என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் வாந்தியே நின்றுவிட்டது.

தீவைப் பார்த்ததும் ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. நடுக்கடலில் பவளப்பாறை வளையல் போல ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. வெளியே கருநீலக் கடல் வளையலில் மோதி நுரைக்கிறது; உள்ளே அலையே இல்லாத வெளிர்பச்சைத் தண்ணீர். வளையலின் ஒரு ஓரத்தில் தென்னை மரங்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதுதான் ஊர். ஒலிபெருக்கி கிடையாது, ஹார்ன் கிடையாது. திருத்தணி பேருந்து நிலையத்தில் பழகின காதுக்கு முதல் நாள் என்னவோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

சாப்பாட்டில்தான் சோதனை. திரும்பின பக்கமெல்லாம் சூரை மீன்: குழம்பு, வறுவல், புட்டுக்குள்கூட. கவிச்சியை விட்ட பாவா சோற்றில் தேங்காய்த் துவையலைப் பிசைந்துகொண்டு என் தட்டைப் பார்ப்பார். "நல்லா கீதா?" என்பார். "சுமாராத்தான் கீது பாவா," என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு வாங்கிக்கொள்வேன்.

அந்தக் கரையின் மணல் மாவு போல வெள்ளையாக இருக்கும். வந்த இரண்டாம் நாள் கிருத்திகை. கொண்டுவந்த விபூதிப் பொட்டலம் கப்பலிலேயே எங்கோ போய்விட்டது. பாவா காலையில் குளித்துவிட்டு, அந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வந்து நின்றார். அதோடு விடாமல், வீட்டுச் சாமி அறைக்கென்று துண்டில் கொஞ்சம் முடிந்தும் வைத்திருந்தார். மகள் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, அது இன்னா தெரியுமா? கிளிமீன்னு ஒண்ணு கீது. அது பவளப்பாறையக் கடிச்சித் தின்னும். தின்னுட்டு அதுவோட பின்பக்கமா வர்றதுதான் இந்த மணல்ல பாதி."

நான் சிரித்த சிரிப்பில், மகளோடு வேலை பார்க்கும் படகுக்காரரே திரும்பிப் பார்த்தார். பாவா அசையவில்லை.

"ஏன், விபூதி மட்டும் எதுலேர்ந்து வருது? மாட்டுச் சாணிலேர்ந்துதானே?" என்று சொல்லிவிட்டு, துண்டின் முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

அன்றைக்குத்தான் கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் பாவாவுக்குப் பயிற்சி. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி ஒன்று, மாஸ்க் என்கிறார்கள். அதன் ரப்பர் ஓரம் தோலோடு ஒட்டிக்கொண்டால்தான் தண்ணீர் உள்ளே வராது. பாவாவுக்குத் தோல் எங்கே இருக்கிறது? மூக்குக்குக் கீழே முழுதும் முடி. போட்டுக்கொண்டு தலையை முக்கினார். நிமிரும்போது மூக்குவரை தண்ணீர் நிறைந்திருந்தது. வேறு மாஸ்க் போட்டார்கள். மீசைமேல் வாசலின் தடவினார்கள், தேங்காய் எண்ணெய் தடவினார்கள். எண்ணெய் வழிந்த தாடியோடு இருமி இருமி மேலே வந்தார். கிணற்றில் இருந்த கெட்டிக்காரத்தனம் எதுவும் அந்தச் சின்னக் கண்ணாடிப் பெட்டியிடம் பலிக்கவில்லை. தண்ணீர் ஒழுகுகிற மாஸ்க்கோடு புதியவர்களை இறக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

"மூக்குக்குக் கீழ ஒரு விரல்கடை மட்டும் மழிச்சிடலாம் நைனா. தாடியத் தொட வேணாம்," என்றாள் மகள்.

"முருகனுக்குன்னு விட்டதுல பங்கு போடறதா? மலைல தவிர வேற எங்கயும் கத்தி படாதுன்னு சொல்லிக்கீறேன்."

"எனக்காக வளத்த தாடிதானே நைனா?"

"ஒனக்காகத்தான். அதனாலதான் தொட மாட்டேன்."

பார்த்தால்தான் ஆங் என்பார். பார்க்கத் தாடி விடாது. அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஈர உடையோடு மணலில் உட்கார்ந்து மாஸ்க்கைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் கோபமாக வந்தது.

"நான் போறேன்," என்றேன். "நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன். என் கண்ணு வேற, உங்க கண்ணு வேறயா?"

"நீயா? ஒனக்குத் தொட்டித் தண்ணியே பயம்!"

"பயம்தான். அதுக்கு இன்னா இப்போ?"

மறுநாள் காலை எனக்கு ரப்பர் உடுப்பு மாட்டினார்கள். முப்பது வருஷமாக ஊராருக்கு அளவெடுத்துத் தைக்கிற எனக்கு, மூச்சு விட முடியாதபடி தைத்த ஒரு துணியில் நுழைவது இதுதான் முதல் தடவை. ஆனால் தையலைக் குறை சொல்ல முடியாது, மடிப்பே தெரியவில்லை. தாலிச் சரடை உள்ளே தள்ளி ஊக்கு குத்திக்கொண்டேன். இந்த உடம்போடு இறங்கினால் கல்லாக மூழ்கிவிடுவேனே என்றேன். "இல்லம்மா, குண்டா கீறவங்க மெதப்பாங்க," என்று சொல்லி இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கோத்துக் கட்டினாள் மகள். பெற்ற மகள் வாயால் இப்படியும் கேட்க வேண்டியிருந்தது.

படகு வளையலின் உள்பக்கமாகப் போய் நின்றது. தண்ணீர் அப்படித் தெளிவு. அடியில் கிடக்கும் சங்குகூடத் தெரிந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதி ஆழம்கூட இருக்காது. பாவா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்னா வந்துடு," என்று சொன்னார். முருகா என்று நினைத்துக்கொண்டு சிலிண்டர் காற்று வரும் குழாயின் ரப்பரை வாயில் கடித்தேன். மகள் எனக்கு எதிரில் இருந்து என்னைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறக்கினாள். காது வலித்தது. சொல்லிக்கொடுத்தபடி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினேன், டப்பென்று விட்டது. அப்புறம் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

கீழே ஒரு ஊரே இருக்கிறது. நான் என்னவோ பாறை என்றால் மலைப்பாறை போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். பூக்கோசு மாதிரி, மான் கொம்பு மாதிரி, மூளை மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அதற்குள் மீன்கள். மஞ்சள் உடலுக்குக் கறுப்பு பார்டர், பச்சை உடலுக்கு ரோஸ் பார்டர், ஊதாவில் ஆரஞ்சுப் புள்ளி. இந்த நிறங்களைச் சேர்த்து நான் ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தால் திருத்தணியில் துணியை என் முகத்திலேயே வீசுவார்கள். அங்கே அத்தனையும் எடுப்பாக இருந்தது. கிளிமீன் ஒன்று கறுக் கறுக்கென்று பாறையைக் கடிக்கும் சத்தம் நிஜமாகவே காதில் விழுந்தது. சற்று நேரத்தில் அதன் பின்னால் வெள்ளையாக ஒரு புகை. நெற்றியில் பூசிக்கொண்டவரை நினைத்து வாயில் ரப்பரோடு சிரித்தேன்.

மகள் ஒரு பாறைப் பக்கம் கையைக் காட்டினாள். விரல் நீளத்தில் நீலக் கோடு போட்ட குட்டி மீன் ஒன்று, தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய மீனின் செவுளையும் வாயையும் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. பெரிய மீன் அசையாமல் வாயைத் திறந்து காட்டியது. பின்னால் இன்னும் இரண்டு பெரிய மீன்கள் முறைக்காகக் காத்திருந்தன. எங்கள் மலையில் முடி இறக்கும் இடத்தில் தலையை நனைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்களே, அச்சு அசல் அதேதான். தாடிக்காரருக்கு இதைக் காட்ட முடியவில்லையே என்று இருந்தது.

அப்போதுதான் ஆமை வந்தது. கடற்புல் மேட்டிலிருந்து எழும்பி, ஒரு அவசரமும் இல்லாமல், என் முகத்துக்கு நேரே நீந்தி வந்தது. வயதான கண். அது என்னைப் பார்த்தது. எங்கள் ஊரில் பஸ்ஸில் போகும்போது மலை கண்ணில் பட்டால், பேச்சை நிறுத்தாமலேயே கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். அந்தக் கண்ணைப் பார்த்ததும் என் இரண்டு கைகளும் தாமாக எழுந்து கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டன. மாஸ்க் நகர்ந்தது. குபுக்கென்று தண்ணீர் உள்ளே.

கண் எரிந்தது, மூக்கில் உப்பு ஏறியது. செத்தேன் என்று நினைத்தேன். காலை உதைத்தேன், இருந்த மூச்சையெல்லாம் ஒரேயடியாக வெளியே விட்டேன். யாரோ என் இரண்டு தோளையும் பிடித்தார்கள். மகள்தான். இழுக்கவில்லை, உலுக்கவில்லை. என் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்து, மூச்சை இழுத்து விட்டுக் காட்டினாள். மறுபடி இழுத்து, மறுபடி விட்டாள். வாயில் காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் இழுத்தேன். பிறகு என் கையை எடுத்து மாஸ்க்கின் மேல்விளிம்பில் வைத்து அழுத்தி, மூக்கால் ஊதச் சொல்லிச் சாடை காட்டினாள். ஊதினேன். தண்ணீர் இறங்கியது. கண் தெரிந்தது.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காபி ஆற ஒரு நிமிஷம் பொறுக்காத பெண். ஊக்கு கிடைக்கவில்லை என்று அலமாரியைத் தலைகீழாகக் கவிழ்க்கிற பெண். அந்தப் பொறுமை எங்கே இருந்தது இத்தனை நாள்? நான் பெற்றவள்தான், ஆனால் அங்கே நான் கைக்குழந்தை, அவள் தாய். எனக்கு அவள்மேல் வந்த பெருமையை எந்தத் துணியால் மூடி வைப்பது என்று தெரியவில்லை.

அதே நேரத்தில் மேலே என்ன நடந்தது என்று படகுக்காரர் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மொத்தமாகக் குமிழி கொப்பளித்து வந்ததைப் பாவா பார்த்திருக்கிறார். கிணற்றுக்காரருக்குக் குமிழி என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். படகுக்காரர் மலையாளத்தில் கத்தக் கத்த, லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தொபுக்கென்று குதித்துவிட்டார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், தலைக்குமேல் ஒரு பெரிய நிழல். நிமிர்ந்தேன். கட்டம் போட்ட பொதட்டூர்பேட்டை லுங்கியில், மாஸ்க் இல்லாமல், சிலிண்டர் இல்லாமல், தாடி இரண்டு பக்கமும் விரிந்து பறக்க, தலைகீழாக இறங்கி வந்துகொண்டிருந்தார் பாவா. மீன்களெல்லாம் சிதறி ஓடின. உப்புத் தண்ணீரில் கண்ணை அகல விழித்துக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் வந்து நின்றார். மகள் ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தாள். மறு கையை அவரிடம் காட்டி, ஒன்றுமில்லை, எல்லாம் சரி என்று நிதானமாகச் சாடை செய்தாள். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மூச்சு தாங்கும்வரை பார்த்தார். பிறகு காலை உதைத்து மேலே போனார்.

அவள் அவசரப்படவில்லை. என்னையும் அவசரப்பட விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்தாள். படகில் ஏறி ரப்பரைத் துப்பினவுடன் அவளுடைய பழைய வாய் திரும்பிவிட்டது.

"இன்னா நைனா இது? சொல்லாம கொள்ளாம குதிப்பீங்களா? ஏதாவது ஆயிருந்தா?"

பாவாவின் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனவர், அதில் மணல் முடிச்சு இருப்பதைப் பார்த்துவிட்டு என் துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டார்.

"மீனு ஒண்ணும் தெரியல," என்றார். "எல்லாம் ஒரே மங்கலா கீது. உங்கம்மா கையப் புடிச்சிகினு நீ இருந்தது மட்டும் தெரிஞ்சுது."

"அது போதாது நைனா. நான் உங்களுக்குக் காட்டணும்னு நெனச்சது..."

"ஆடிக் கிருத்திகைக்கு வீட்டுக்கு வந்துடு பாப்பா. அன்னிக்கே மலைக்குப் போய் முடி குடுத்துடறேன்."

முடி கொடுப்பது என்றால் வேண்டுதல் முடிந்தது என்று அர்த்தம். மகள் கடலை விட்டு வந்துவிட்டாள் என்று அர்த்தம். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனால் கொடுத்த வாக்கை நினைத்துத் தலையை ஆட்டினாள். சிலிண்டரின் வாரைக் கழற்ற ஆரம்பித்தாள். ஈரத்தில் இறுகிப்போன வார் கழலவில்லை. கீழே நான் பார்த்ததைச் சொல்லி இந்த மனுஷனை ஒரு பிடி பிடிக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் பாவா எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாரைத் தானே கழற்றிவிட்டார்.

"மழை மாசத்துல கப்பல் டிக்கெட் லேசுல கெடைக்காதுன்னு அன்னிக்கு நீதானே சொன்னே?" என்றார். "வரும்போதே, திரும்பிப் போறதுக்கும் சேத்துப் போட்டுடு."